குதிரைக்காரன் அரிசி கழுவினான்

தாராவியில் கல்யாணக் குதிரை வைத்திருக்கிற ஒரே தமிழன் தான்தான் என்று மாரீஸ்வரன் சொல்லிக்கொள்வான். யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை. அதனால் யாரும் மறுத்ததுமில்லை. சங்கரன்கோவில் பக்கமிருந்து இளவட்டமாக வந்து, தோல் பட்டறையில் பெல்ட் தைத்து, அப்புறம் குதிரை வண்டிகளுக்குக் கடிவாளம் தைக்கப் போனவன். தைத்த கடிவாளத்தை மாட்டிப் பார்க்கப் போன இடத்தில் குதிரைமேல் கிறுக்குப் பிடித்துவிட்டது. வண்டிகள் ஒழிந்தன. கல்யாணங்கள் ஒழியவில்லை. சிந்திக்காரர்களும் பஞ்சாபிக்காரர்களும் மாப்பிள்ளையை வெள்ளைக் குதிரைமேல் ஏற்றாமல் மண்டபத்துக்குக் கொண்டுபோவதில்லை. செம்பூர் ரோட்டில் பேண்டு செட்டுக்குப் பின்னால், சரிகைத் துணி போர்த்திய குதிரையை மாரீஸ்வரன் பிடித்துக்கொண்டு நடக்கும்போது பார்க்க வேண்டும். மாப்பிள்ளையைவிட அவன் முகத்தில்தான் கல்யாணக் களை ஜாஸ்தியாக இருக்கும்.

எந்தக் குதிரையும் தன் கைக்கு வந்துவிடும் என்பது அவன் பெருமை. டீக்கடையில் அதைச் சொல்லாத நாள் கிடையாது. அந்தப் பெருமைக்குத்தான் இந்த மழைக்காலத்தில் சோதனை வந்தது.

பழைய குதிரை கோடையில் வயிற்று நோவு கண்டு செத்துப் போயிற்று. ஜூன் மாதம் மாத்தேரானுக்குப் போய் வேறொன்று பிடித்து வந்தான். மலையில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிச் சுற்றிய பெண் குதிரை. மழை பிடித்தால் அங்கே சவாரி கிடையாது, சும்மா தீனி போட வேண்டும் என்று விற்பதாக அந்த ஆள் சொன்னான். யாரையோ தள்ளிவிட்டுத்தான் விற்பனைக்கு வந்தது என்பது வண்டியில் ஏற்றிய பிறகு காதுக்கு வந்தது. ஆனால் நிறம்! ஒரு புள்ளி மாசு இல்லை. கல்யாணக் குதிரைக்கு அதைவிட என்ன வேண்டும்? மலையில் அதற்கு ஸ்வீட்டி என்று பெயர். மாரீஸ்வரன் ராணி என்று மாற்றினான். அது இரண்டுக்கும் காதைக்கூட அசைக்கவில்லை.

லேபர் கேம்ப் தாண்டி, ரயில்வே சுவரை ஒட்டிய சந்தின் கடைசியில் அவன் வீடு. கீழும் மேலுமாக இரண்டு அறை. எதிரே தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் ஒரு குதிரை திரும்புகிற அளவுக்குக் கல் பாவிய இடம், ஓரத்தில் குழாய். கொட்டகையில் குதிரையைக் கட்டிவிட்டு வெல்லத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். வெல்லத்தை விட்டுவிட்டுத் தோளைக் கடித்தது. பனியனோடு சேர்த்து ஒரு வாய் எடுத்துவிட்டது.

பேண்டு செட் அபுதாஹிர் பாய் பார்க்க வந்தார். கடையநல்லூர்க்காரர். மாரீஸ்வரனுக்கு வருகிற கல்யாணமெல்லாம் அவர் வழியாகத்தான் வரும். அவர் எதிரில் மாரீஸ்வரன் குதிரை முதுகில் சாக்கைப் போட்டு ஏறினான். மாப்பிள்ளை ஏறுமுன் குதிரைக்காரன் ஏற வேண்டும், அதுதான் தொழில் முறை. அவன் உட்கார்ந்ததும் குதிரை பின்பக்கத்தைத் தூக்கி ஒரு உதறு உதறியது. விழுந்தவன் குழாயடிச் சகதியில் போய் உட்கார்ந்தான். பாய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"தீவாளி கழிஞ்சு வார துளசி கல்யாணப் பண்டிகை வரைக்கும் பாக்கேன் மாரி. அது முடிஞ்சா சீசன் ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள இது பழகலன்னா நான் குர்லாக்காரன் குதிரயத்தான் கூப்பிடணும். மாப்பிளைய கீழ போட்டுட்டு நான் எவங்கிட்டவே வாசிக்கது?"

குதிரைக்கு வேலை இல்லாவிட்டால் குதிரையை வைத்துக் காப்பாற்ற முடியாது. குதிரை போய்விட்டால் மறுபடியும் பட்டறையில் குனிந்து பெல்ட் தைக்க வேண்டியதுதான். ஐம்பதை நெருங்கும் வயதில், டீக்கடைப் பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு குதிரையே கதி என்று கிடந்தான். முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, அதன் கண்ணையே பார்ப்பான். கேரட் கொடுத்தான், கொண்டைக்கடலை கொடுத்தான். கெஞ்சினான், அதட்டினான், ஹிந்தியில் கொஞ்சினான். மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்துக்கு மேல் அவன் கொஞ்சல் சந்து முழுக்கக் கேட்கும். குதிரை காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற மகள் பிரேமலதா ஒருநாள் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நீங்க அத மொறச்சுப் பாத்துக்கிட்டே இருக்கிய. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் என்னய அப்படிப் பாத்தான்னா நானும் கடிச்சுத்தான் வைப்பேன்."

குதிரையைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று அவளை விரட்டிவிட்டான்.

இதற்கிடையில், குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய்க்கு நேரம் ஏது? விடியுமுன் இட்லி அவித்து, அண்டாவில் அடுக்கி, மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டு முற்பகலில் திரும்புவாள். மத்தியானம் குழாயில் தண்ணீர் வரும். அப்போது கொட்டகைக்கு முதுகைக் காட்டிப் பலகையில் உட்கார்ந்து அரிசி, உளுந்து களைவாள், சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிப்பாள். பிறந்த வீட்டில் மாடு இருந்தது. அரிசி களைந்த கழனித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவது அவளுக்கு ஆகாத காரியம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, கொட்டகை வாசலில் தள்ளி வைத்துவிடுவாள். குதிரை என்ன மாடா, கழனி குடிக்க என்று மாரீஸ்வரன் கேலி செய்தான். குடிச்சாக் குடிக்கட்டும், குடிக்காட்டிப் போகட்டும் என்றாள் அவள்.

குதிரை குடித்தது. குடித்துவிட்டுத் தலையைத் தூக்காமல் அங்கேயே நின்றது. ஒருநாள் கயிறு எட்டுகிற மட்டும் வெளியே வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளின் கொண்டையை மோந்து பார்த்தது. ஆறுமுகத்தாய் திரும்பவில்லை. "எட்டி நில்லுட்டி, வெங்காயம் கண்ணுல பட்டுரும்" என்று சொல்லிவிட்டு உரித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு வைத்த பெயர்தான் வெள்ளச்சி. மேல் அறை ஜன்னலில் நின்று மாரீஸ்வரன் இதைப் பார்த்தான். பார்த்தவனுக்குச் சந்தோஷம்தானே வந்திருக்க வேண்டும்? குதிரை ஒரு மனுஷக் கையைத் தேடி வருகிறது, பாதி வேலை முடிந்தது என்று? வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ புளித்துக்கொண்டு வந்தது. பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மழுப்ப வேண்டியதில்லை.

பொறாமை வந்தவனுக்குப் பொய் தானாக வரும். பெண்கள் கை பட்டால் கல்யாணக் குதிரைக்கு ராசி போய்விடும், தொழிலில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லி வைத்தான். ஆறுமுகத்தாய் நம்பினாள். பாவம், சில நாள் பலகையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். குதிரை கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்து மயிர் தேய்ந்ததுதான் மிச்சம். பாய் வந்தபோது அவளே ராசியைப் பற்றி அவரிடம் கேட்டுவிட்டாள். எந்தக் கோட்டிக்காரன் சொன்னான், மாப்பிள்ளையின் அக்கா தங்கைகள்தானே குதிரைக்குக் கடலைப் பருப்பு ஊட்டிவிடுகிறார்கள் என்றார் பாய். மாரீஸ்வரன் தகரத்தில் ஆணி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான். பலகை மறுநாளே பழைய இடத்துக்கு வந்தது.

விநாயகர் சதுர்த்தி முடிந்த சமயம். குர்லா வரை போய்த் திரும்பிய மாரீஸ்வரன் சந்து முனையில் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டத்தின் நடுவில் வெள்ளச்சி. மேலே பிரேமலதா, ஆபீஸ் ஜீன்ஸோடு, ஒரு கையில் பிடரி மயிரையும் மறு கையில் செல்போனையும் பிடித்துக்கொண்டு. முன்னால் ஆறுமுகத்தாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பிடிப்பது என்றுகூடச் சொல்ல முடியாது. கயிறு தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் பாட்டுக்குப் போகிறாள், குதிரை பாட்டுக்குப் பின்னால் போகிறது. பக்கத்து மைக் செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அது எதையும் சட்டை செய்யவில்லை.

அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனான். கயிற்றை வாங்கினான். வாங்கிய மாத்திரத்தில் குதிரை காதை மடக்கியது. பிரேமலதா அவசரமாக இறங்கிக்கொண்டாள். யாரோ கை தட்டினார்கள். அது யாருக்கு என்று அவனுக்குத் தெரியும்.

செய்தி பாய்க்குப் போய்விட்டது. பேசாமல் உம் பொஞ்சாதியையே கல்யாணத்துக்குக் கூட்டிவாரும், தலைப்பாகை கட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஆறுமுகத்தாய் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் மாவு அரைத்துக்கொண்டே, நான் வேணும்னா வரட்டுமா, பேண்டு செட்டோட செம்பூர் வரைக்கும் நடந்து போனா நல்லாத்தான் இருக்கும் என்று கேட்டாள். இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண ஊர்வலத்துக்குப் புருஷனை அனுப்பியவள் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. இட்லிக்காரி இட்லி விற்றால் போதும் என்றான் மாரீஸ்வரன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

குதிரை தன்னிடம் வராதது ஒரு எரிச்சல். அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உள்ளே புகுந்தது. ஆறுமுகத்தாய் குதிரையோடு பேசினாள். அவனோடு பேசுவதெல்லாம் உளுந்து தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் வந்திருக்கிறது என்கிற மட்டில்தான். குதிரையிடம் கதை கதையாகச் சொன்னாள். மார்க்கெட்டில் எந்த மாமி இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனாள், பக்கத்து வீட்டு விஜயலட்சுமி மருமகளுக்கு எப்படி வாழைக்காய் நறுக்கச் சொல்லித் தந்தாள், எல்லாம். இடையில் சிரிப்பு வேறு. அவள் சிரிப்பில் இப்படி ஒரு இழுப்பு உண்டு என்பதையே அவன் மறந்து போயிருந்தான். குதிரைக்காகப் பெண்டாட்டிமேலும், பெண்டாட்டிக்காகக் குதிரைமேலும் பொறாமைப்படுகிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? தாராவியில் ஒருவன் இருந்தான். மத்தியானம் தூங்குவதாகச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் படுத்து ஒட்டுக் கேட்டான்.

அப்படி ஒருநாள் கேட்டதுதான் இது.

"ஏட்டி வெள்ளச்சி, எனக்கு இந்த வலது கை மரத்து மரத்துப் போவுதுட்டி. வெள்ளென எந்திரிச்சா கை எங்க கெடக்குன்னே தெரியல. நேத்து அண்டாவத் தூக்குதேன், கைல பிடி இல்ல. சொன்னா இவுக இட்லிய நிப்பாட்டச் சொல்லுவாவ. இல்லன்னா ஒண்ணுமே சொல்ல மாட்டாவ. அது இன்னும் கஷ்டம்லா."

கேட்டதும் அவன் மனம் முதலில் எங்கே போயிற்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் கையிடம் போகவில்லை. என்னிடம் சொல்லாததை இந்தக் கழுதையிடம் சொல்கிறாளே என்றுதான் போயிற்று. அதற்கடுத்து இன்னொரு இடத்துக்குப் போயிற்று. குழாயடி, பலகை, கழனி வாளி, கொட்டகைக்குக் காட்டிய முதுகு. அங்கே அவள் உட்காராமல் தான் உட்கார்ந்தால்?

மறுநாள் அவள் அரிசிப் பாத்திரத்தை எடுத்தபோது கையிலிருந்து வாங்கினான்.

"இனிமே இத நான் பாத்துக்கிடுதேன். நீ மேல போய்ப் படு."

அவள் திகைத்துப் போனாள். என்ன வந்தது உங்களுக்கு என்றாள்.

"கை மரத்துப் போவுதுல்லா உனக்கு. காலைல எந்திரிச்ச உடனே நீ கைய உதறுதத நான் பாக்காமலா இருக்கேன்?"

அவன் பார்த்ததே இல்லை. காலையில் அவள் எழுந்திருக்கும்போது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். ஆனால் ஆறுமுகத்தாய் அதை நம்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள்.

பலகையில் உட்கார்ந்து மாரீஸ்வரன் அரிசி களைந்தான். முதல் நாள் பாதி அரிசி சாக்கடைக்குப் போயிற்று. உளுந்தைத் தோல் போக அலசத் தெரியவில்லை. வெங்காயம் உரிக்கையில் கண்ணீர் ஒழுகியது. பக்கத்து வீட்டு விஜயலட்சுமி வந்து நின்று பார்த்து, தன் வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். டீக்கடையில் மாரீஸ்வரனுக்கு அண்ணாச்சி அண்ணாச்சி என்று மரியாதை கூட்டினார்கள். பெண்டாட்டிக்காக இப்படி யார் செய்வார் என்றார்கள். அவனும் அப்படித்தான் என்று தலையாட்டினான். முதுகுப் பக்கம் குதிரை மூச்சு விடுகிறதா என்பதிலேயே அவன் காது இருந்தது.

ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும். பார்க்காமல் இருப்பது அவனுக்குப் பட்டறை வேலையைவிடக் கடினமாக இருந்தது. கழனியை வாளியில் ஊற்றித் தள்ளி வைப்பான். குதிரை நெடுநேரம் நின்று யோசித்துவிட்டு, அவன் எழுந்து போன பிறகே குடிக்கும்.

வீட்டுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மத்தியானத் தூக்கம் கிடைத்ததும் ஆறுமுகத்தாய் முகம் தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்டினாள். ஓய்வு கொடுத்தாலே பாதி சரியாகும் என்றார்கள். எங்க வீட்டுக்காரவுக ஏற்கெனவே ஓய்வு கொடுத்துட்டாவ என்று நர்ஸிடம் சொன்னதாக வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிடிக்கும் என்று சாளைமீன் குழம்பில் மாங்காய் போட்டு வைத்தாள். சாப்பிடுகையில் பக்கத்தில் உட்கார்ந்து, குதிரையிடம் சொல்கிற கதைகளை அவனிடம் சொன்னாள். விரலால் அமுக்கிப் பார்க்கிற மாமியைப் போல முகத்தை வைத்துக் காட்டினாள். அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, இன்றைக்குக் குதிரை இரண்டடி முன்னால் வந்தது போலிருந்ததே என்று நினைத்துக்கொண்டிருந்தான். கதையில் அவள் சிரித்த இடத்தில் சிரிக்கத் தவறிவிட்டான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீபாவளி போயிற்று. துளசி கல்யாணம் நெருங்கிவிட்டது. மழை முழுக்க விட்டு, சந்தில் வெயில் நன்றாக விழுந்தது. மாரீஸ்வரன் உளுந்தை அலசிக்கொண்டிருந்தான். இப்போது தோல் ஒன்றுகூடத் தங்காமல் அலசுவான். பிடரியில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. கை நின்றது. சுதாரித்துக்கொண்டு மறுபடியும் அலசினான். தோள்மேல் கனமாக ஒரு தாடை வந்து உட்கார்ந்தது. கடித்த அதே தோள். கழனியும் புல்லும் கலந்த மூச்சு அவன் கன்னத்தில் வீசியது. அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் வெங்காயம் கிடையாது.

பாத்திரத்தை மெதுவாக நகர்த்திவிட்டு எழுந்தான். கழுத்தைத் தடவினான். குதிரை காதை முன்னால் வைத்தது. சாக்கை எடுத்து முதுகில் போட்டான். நின்றது. உடம்பை அதன்மேல் சாய்த்தான். நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். வெள்ளச்சி ஒரு காலை மாற்றி வைத்துக்கொண்டு அமைதியாக நின்றது. அவனுக்கு ஒரே நேரத்தில் கத்த வேண்டும் போலவும் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. முக்கியமாக, அவளுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது.

"ஏளா, ஆறுமுகத்தாயி" என்று தணிந்த குரலில் மேலே பார்த்துக் கூப்பிட்டான். "கீழ வா. வந்து பாரு."

தூக்கக் கலக்கத்தோடு அவள் வாசலுக்கு வந்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஏறிட்டியளா?" என்று வாயில் கை வைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் கலப்படமே இல்லை. அங்கேயே அவன் நிறுத்தியிருக்கலாம்.

"நான் சொன்னம்லா, எங்கிட்ட வராம எங்க போயிரும்னு. இதுக்குத்தான ஒரு ஆம்பள பொம்பள மாதிரி குத்த வச்சு அரிசி கழுவிக்கிட்டுக் கெடந்தேன். ஊரே பாத்துச்சு. இனி உன் அண்டா குண்டாவ நீயே பாத்துக்க தாயி. எனக்கு வேல முடிஞ்சிட்டு."

ஆறுமுகத்தாய் கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"எதுக்குக் கழுவுனிய?"

"என்னது?"

"அரிசி எதுக்குக் கழுவுனிய?"

அப்போதுதான் மாரீஸ்வரனுக்கு உறைத்தது. ஒரு பொய் போதும். எத்தனையோ பொய் நினைத்த மாத்திரத்தில் நாக்கில் வந்திருக்கிறது. இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. சும்மா சொன்னேன் என்று எதையோ முணுமுணுத்தான்.

"எங் கைக்காவன்னு நெனச்சேன்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "காலைல நான் கைய உதறுதத நீங்க பாத்துக்கிட்டே இருந்தியன்னு நெனச்சேன். நர்ஸுகிட்ட, மார்க்கெட்டுல, எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

அவன் குதிரையின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னயத் தேடி வந்தது இது ஒண்ணுதான். அதுவும் உங்களுக்கு வேணும்."

அவள் படியிறங்கி வந்தாள். சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். அவன் பாதியில் விட்ட உளுந்தை இழுத்து வைத்து அலசத் தொடங்கினாள். சிறிது நேரம் வலது கையால். அப்புறம் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இறங்க வேண்டும் என்று மாரீஸ்வரனுக்குத் தோன்றியது. இறங்கிப் பாத்திரத்தைப் பிடுங்க வேண்டும், உண்மையாகவே கையைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆனால் முதல் தடவை ஏறியிருக்கிறான். சடக்கென்று இறங்கினால் குதிரை மிரளும். மிரண்டால் இத்தனை மாசத்துப் பாடு போய்விடும், இன்னும் சில நாளில் கல்யாணம், பாய் வந்து பார்ப்பார். அது தானாக அசையட்டும், அப்புறம் இறங்கலாம் என்று உட்கார்ந்திருந்தான். சந்தில் போனவர்கள் நின்று குதிரைமேல் இருந்தவனைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தார்கள். அவனும் தலையசைத்தான்.

வெள்ளச்சி அசைந்தது. அவனைச் சுமந்துகொண்டே ஓரடி எடுத்து வைத்து, கழுத்தை நீட்டி, குனிந்திருந்தவளின் கொண்டையில் மூக்கை வைத்தது. ஆறுமுகத்தாயின் அலசுகிற கை ஒரு நொடி நின்றது. குதிரை கண்ணை மூடிக்கொண்டது.

மேலே உட்கார்ந்திருந்த மாரீஸ்வரனுக்கு அப்போதும் வயிறு எரிந்தது.